கோரைத்திடலைச் சுத்தம் செய்தவர்

காலை எட்டரை மணிக்குக் கோரைத்திடல் ஏதோ கல்யாண மண்டபத்தின் முகப்பு மாதிரி பளிச்சென்று இருந்தது.

அரசலாறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், தென்கரையில் ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான தாழ்ந்த நிலம் அது. முந்தாநாள் வரை அதற்குப் பாதை என்று ஒன்று கிடையாது. இப்போது செம்மண் பரப்பிய நடைபாதை இருந்தது. அதன் இரண்டு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடர் கோடு வளையாமல் நெளியாமல் ஓடியது. கோடு முடிகிற இடத்தில் நர்சரியிலிருந்து வாடகைக்கு எடுத்த பன்னிரண்டு குரோட்டன் தொட்டிகள். அவற்றுக்குப் பின்னால் ஷாமியானா, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ‘இயற்கையைக் காப்போம்’ என்று பச்சை எழுத்தில் ஒரு பேனர். ஆளுயரத்துக்கு நின்ற நாணலும் சம்பும் கோரையும் தரையோடு தரையாக வெட்டப்பட்டிருந்தன. குளத்தின் கரையை ஜேசிபி ஒரே சீராக வழித்துவிட்டிருந்தது. தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோலத் தெரிந்தது.

சோமசேகரன் இடுப்பில் கைவைத்து நின்று அதைப் பார்த்தார். நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். வரிச்சிக்குடிக்காரர். இருபத்தாறு வருட வேலையில் அவருக்கு என்று ஒரு பெயர் இருந்தது. மேலிடத்திலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் முதல் போன் அவருக்குத்தான் வரும். மருத்துவமனை திறப்பானாலும் சரி, தேர் வருகிற வீதியானாலும் சரி, “சோமு சார்ட்ட சொல்லிட்டீங்களா? அப்ப கவலய விடுங்க” என்பார்கள். பணி ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். கடைசிப் பெரிய வருகை இதுவாக இருக்கும் என்று நினைத்து, மூன்று நாள் வேலையை ஒன்றரை நாளில் முடித்திருந்தார்.

வருகிறவர்கள் புதுச்சேரியிலிருந்து வரும் மூவர் குழு. ஊருக்குள் மிச்சமிருக்கும் இயற்கையான இடங்களைக் கண்டறிந்து காப்பது என்று நகராட்சி இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திட்டம் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் ஓர் இடத்தை முன்மொழியலாம். குழு நேரில் பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடும். அறுபது வாங்கினால் அந்த இடம் பட்டியலில் ஏறும். ஏறிவிட்டால் அங்கே ஒரு கூடை மண்கூடக் கொட்ட முடியாது. ஏறாவிட்டால் கோரைத்திடலுக்கு வேறொரு கோப்பு தயாராக இருந்தது. கடற்கரைக்கு வருகிறவர்களின் கார்களை நிறுத்த இடம் பற்றவில்லை. இதை மேடாக்கிவிடலாம் என்று.

முன்மொழிந்தவள் ஆன்லின். கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் தற்காலிக விரிவுரையாளர், முப்பது வயது. குழு பத்து மணிக்கு. அவள் எட்டே முக்காலுக்கே ஸ்கூட்டரில் வந்துவிட்டாள்.

“வாங்க மேடம். எப்படி இருக்கு?” என்றார் சோமசேகரன். பாராட்டை வாங்கிக்கொள்ள முகத்தைத் தயாராக வைத்திருந்தார்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. செம்மண் பாதையில் நடக்காமல் நேராகச் சேற்றில் இறங்கினாள். வெட்டிக் குவித்த நாணல் கும்பலை இரண்டு கையாலும் விலக்கினாள். குனிந்தாள். கொஞ்ச தூரம் போய் மறுபடி குனிந்தாள். திரும்பி வரும்போது அவள் உள்ளங்கையில் முட்டையோட்டுச் சில்லு ஒன்று இருந்தது. வெளிறிய சந்தன நிறம், மேலே செம்புள்ளிகள்.

“பதினோரு கூடு இருந்துச்சு சார்” என்றாள். “ஏழு கானாங்கோழி. நாலு நீலக்கோழி. எல்லாத்துக்கும் பக்கத்துல கம்பு நட்டு மஞ்சத்துணி கட்டியிருந்தேன். அதக்கூடவா பாக்கல?”

“கம்பா?” என்றார் சோமசேகரன்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொடங்கியது. ஏனென்றால் அவர் பார்த்திருந்தார்.

முந்தின நாள் மத்தியானம் யாகப்பன் வந்து சொன்னான். யாகப்பன் துப்புரவுக் குத்தகைதாரரிடம் மேஸ்திரி. நாற்பத்தைந்து வயது, போலகத்தில் பிறந்தவன். அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்து நின்றான்.

“சார், உள்ள கோழி அடகாக்குது. கானாங்கோழி. டீச்சரம்மா அங்கங்க கம்பு நட்டு அடையாளம் வச்சிருக்காங்க. அந்தப் பக்கத்த மட்டும் விட்டுட்டு மத்தத வெட்டுவமா?”

சோமசேகரன் எட்டிப் பார்த்தார். வெட்டின இடம் மொட்டையாகவும் வெட்டாத இடம் புதராகவும், பாதி சவரம் செய்த கன்னம்போல இருந்தது. நடுநடுவே மஞ்சள் கந்தல்கள் காற்றில் ஆடின. நாளைக்குப் பெரிய மனிதர்கள் வந்து நிற்கப்போகிற இடம்.

“கோழிக்கு எடமா இல்ல? அது எங்கயாவது போயிக்கும். ஒரே மட்டமா வெட்டிருப்பா. கம்பையும் புடுங்கிடு. கந்தத்துணி தொங்குறது அசிங்கமா இருக்கு.”

“முட்ட இருக்குங்க சார்.”

“யாகப்பா, நாளக்கி நீயா பதில் சொல்லப்போற? நான்ல சொல்லணும்.”

யாகப்பன் தலையைச் சொறிந்தான். போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது ஆன்லின் கையில் அந்தச் சில்லு. யாகப்பன் குரோட்டன் தொட்டிகளுக்குப் பின்னால் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றான். சோமசேகரன் அவன் பக்கம் பார்க்கவில்லை.

குழு பத்தேகாலுக்கு வந்தது. ஆணையரும் கூடவே வந்தார். குழுத் தலைவர் தியாகராசன், வனத்துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். காரை விட்டு இறங்கியவர் பேனரைப் படித்தார், வெள்ளைக் கோட்டைப் பார்த்தார், பிறகு மொட்டைத் தரையைப் பார்த்தார். கையில் இருந்த கோப்பைப் புரட்டி, ஆன்லின் எடுத்த புகைப்படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்த எடம்தானா?” என்றார்.

“இந்த எடம்தான் சார்” என்றாள் ஆன்லின். குரல் நடுங்கவில்லை. அதுதான் சோமசேகரனுக்கு என்னவோ செய்தது.

ஆணையர் திரும்பினார். “யாரு இத வெட்டச் சொன்னது?”

எல்லார் கண்ணும் அவர்மேல் விழுந்தன. அந்த நேரத்தில் சோமசேகரன் யோசித்துப் பேசவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம் அவருக்காகப் பேசியது.

“சுத்தம் பண்ணுங்கன்னுதான் சார் சொன்னேன். ஆளுங்க புரிஞ்சிக்காம ஒரேயடியா வெட்டிப்புட்டாங்க. மேஸ்திரி யாகப்பன்னு ஒருத்தன்... சொன்னா வெளங்காது.”

தியாகராசன் பெருமூச்சு விட்டார். ஆன்லினைப் பார்த்து, சமாதானம் சொல்கிற தோரணையில், “என்னம்மா பண்றது, இந்த மாதிரி ஆளுங்களுக்குக் கூடுன்னா என்ன, குப்பைன்னா என்ன, எல்லாம் ஒண்ணுதான்” என்றார்.

பத்தடி தூரத்தில் நின்ற யாகப்பனுக்கு அது கேட்டது. அவன் மறுக்கவில்லை. சோமசேகரனை ஒரே ஒரு தடவை பார்த்தான். பிறகு குனிந்து, யாருடைய செருப்போ மிதித்து அழித்திருந்த வெள்ளைக் கோட்டைத் துடைப்பத்தால் ஒதுக்கிச் சரிசெய்தான்.

மதிப்பெண் முப்பத்தொன்று.

அன்று சாயங்காலமே யாகப்பனை வேலைக்கு வரவேண்டாம் என்று குத்தகைதாரர் சொல்லிவிட்டார். சோமசேகரனுக்கு இது மறுநாள் டீக்கடையில் தெரிந்தது. சொன்னவர் சாதாரணமாகத்தான் சொன்னார்: “ஒங்க யாகப்பன தூக்கிட்டாங்களாமே சார். பறவ முட்டைய ஒடச்சிட்டானாம்.” சோமசேகரன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டில் மனைவி கல்யாணசுந்தரி, “ஒடம்பு சரியில்லியா? சோத்த அளஞ்சிக்கிட்டே இருக்கீங்க” என்றாள். வெயில் என்றார். அவருக்குக் காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. யாராவது பின்னாலிருந்து ‘சார்’ என்று கூப்பிட்டால் மட்டும் தோள்பட்டை குறுகியது. வார்டுக்குப் போகும்போது கடற்கரைச் சாலையை விட்டுச் சுற்றிப் போனார். ஒருநாள் பேருந்து நிலையத்துக்கு எதிரில் யாகப்பனே எதிரே வந்தான். ஒதுங்கக்கூட நேரமில்லை. அவன் எப்போதும்போல நெஞ்சுக்குக் கைகொண்டுபோய், “வணக்கம் சார்” என்றான். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

எட்டாம் நாள் ஆன்லின் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் திட்ட விதிமுறைப் புத்தகம், ஒரு பக்கத்தில் மடிப்பு வைத்திருந்தது.

“ஒக்காருங்க மேடம்.”

“சார், இதுல ஒரு வழி இருக்கு.” அவள் புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். “பொதுமக்களோ வேலக்காரங்களோ எடத்தக் கெடுத்தா மதிப்பெண் கொறைஞ்சது கொறைஞ்சதுதான். ஆனா நிர்வாகத்தோட உத்தரவாலேயே கெட்டிருந்தா மறுமதிப்பீடு கேக்கலாம். ஒரு வருஷம் டைம் தருவாங்க. அதுவரைக்கும் அங்க மண்ணு கொட்ட முடியாது. நாணல் வேரோட போகல சார். தண்ணி இருந்தா அடுத்த ஆவணிக்குள்ள வந்துடும். கோழியும் வரலாம்.”

“அதுக்கு?”

“வெட்டச் சொன்னது நான்தான்னு நீங்க ஒப்புக்கணும்.”

அவர் புத்தகத்திலிருந்து கையை எடுத்தார். அவள் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: “தப்பா நெனக்காதீங்க. நீங்க வேணும்னு செஞ்சீங்கன்னு நான் ஒரு நாளும் நெனக்கல. வீட்டுக்கு விருந்தாளி வந்தா நாமளும் கூட்டிப் பெருக்கத்தானே செய்வோம்? அதே மாதிரி. உள்ள கூடு இருக்குறது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாம நடந்த தப்புன்னு எழுதுங்க. நானே குழுகிட்ட பேசுறேன். சார் நல்ல மனுஷன்னு சொல்றேன்.”

சோமசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு கதவு இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தெரியாமல் நடந்தது. ஒரு மெமோ வரும், விளக்கம் எழுதலாம். திடல் பிழைக்கும். யாகப்பனுக்கும் வேலை திரும்பும். எல்லோருக்கும் நல்லது. “எழுதித் தர்றேன் மேடம்” என்றார். சொல்லும்போது அவருக்குத் தன்மேல் லேசான மரியாதைகூட வந்தது.

அந்த மரியாதையோடுதான் அன்று சாயங்காலம் யாகப்பன் வீட்டுக்குப் போனார். மாதா கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது சந்து. யாகப்பனின் மனைவி இருதயமேரி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“வாங்க சார். வீடு குப்பையா கெடக்கு. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சிருந்தா பவுடரு கோடு போட்டு வச்சிருப்பேன்.”

“ஏய், சும்மா இரு” என்று உள்ளேயிருந்து யாகப்பன் அதட்டினான். “உள்ள வாங்க சார்.”

ஒரே ஒரு நாற்காலியை அவருக்குப் போட்டான். சோமசேகரன் விஷயத்தைச் சொன்னார். ஒப்புக்கொண்டு எழுதித் தரப்போவதாகவும், குத்தகைதாரரிடம் தானே பேசுவதாகவும், திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வந்துவிடலாம் என்றும் சொன்னார்.

யாகப்பன் கேட்டுக்கொண்டிருந்தான். “என்னன்னு எழுதப்போறீங்க?”

“நான்தான் வெட்டச் சொன்னேன்னு. உள்ள கூடு இருக்குறது தெரியாம சொல்லிட்டேன்னு.”

வாசலில் மீன் கழுவும் சத்தம் நின்றது.

“தெரியாமன்னா...” என்று யாகப்பன் மெல்ல இழுத்தான். “நான் சொன்னேனே சார்.”

சோமசேகரன் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

“வேல எனக்கு எங்கயும் கெடைக்கும். திருப்பட்டினத்துல ஒருத்தரு கூப்புடுறாரு. அதுக்கில்ல. அன்னிக்கு அந்தப் பெரியவரு சொன்னாருல்ல, கூடுன்னா என்ன குப்பைன்னா என்னன்னு. சார், சின்ன வயசுல போலகம் வாய்க்காங்கரைல கானாங்கோழி பின்னாலயே சுத்துனவன் நான். முட்ட சூடா இருக்கா ஆறிப்போச்சான்னு தொட்டே சொல்லுவேன். அன்னிக்கு அது சூடாத்தான் இருந்துச்சு. வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு முட்டைய எடுத்து அந்தப் பக்கம் வச்சுப் பாத்தேன். ஆகாதுன்னு தெரியும். இருந்தாலும் வச்சேன்.” லுங்கி முனையை இழுத்துவிட்டுக்கொண்டான். “யாகப்பன் சொன்னான்னு மட்டும் எழுதுங்க சார். சொன்னான், நான் கேக்கலன்னு. அது போதும்.”

“எல்லாம் எழுதணும்னு இல்லியே யாகப்பா. அது எழுதாமலே மறுமதிப்பீடு கெடைச்சிடும்.”

“கெடைக்கும் சார்” என்றான் யாகப்பன். “திடலுக்குக் கெடைக்கும்.”

இருதயமேரி உள்ளே வந்து காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். டம்ளரின் விளிம்பில் மீன் வாடை இருந்தது. அவர் முழுவதும் குடித்தார். குடித்துவிட்டு எழுந்தபோது என்ன சொல்லிவிட்டு வந்தார் என்று பிறகு அவருக்கு நினைவில்லை. எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை என்பது மட்டும் நினைவிருந்தது.

அடுத்த மூன்று நாளும் அவர் அந்தக் கடிதத்தை எழுதினார். ‘தெரியாமல்’ என்று போட்டு ஒன்று, அதைக் கிழித்தார். அது இல்லாமல் ஒன்று. அதில் தெரியுமா தெரியாதா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டாவது கடிதம் பொய்யும் இல்லை. இதில் என்ன தப்பு என்று அவர் தன்னிடமே வாதாடினார். நாலு முட்டைக்காக, ஒரு மேஸ்திரியின் ரோஷத்துக்காக, இருபத்தாறு வருடப் பேரை எடுத்துக்கொண்டு போய்ச் சேற்றில் போடவேண்டுமா? வாதம் ஒவ்வொரு முறையும் அவர் பக்கமே ஜெயித்தது. ஜெயித்த பிறகும் சோறு இறங்கவில்லை. அவரைத் தின்றது மெமோ பற்றிய பயம் அல்ல. நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டுப் போன ஆன்லினின் முகம். அந்த முகம் மாறிப்போவதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டி வரும்.

ஆன்லின் கொடுத்த மறுமதிப்பீட்டு மனுமேல் விசாரணை வெள்ளிக்கிழமை, நகராட்சி மாடியில், ஆணையர் அறையில். தியாகராசன் வந்திருந்தார். ஆன்லின் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கடிதம் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு சோமசேகரன் நுழைந்ததும், தைரியம் சொல்வதுபோல லேசாகச் சிரித்தாள். யாகப்பனையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவன் கதவுக்கு வெளியே, வராந்தாவில் நின்றான். எழுத்தர் சந்திரலேகா வாக்குமூலம் எழுதப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

“சொல்லுங்க சோமசேகரன்” என்றார் ஆணையர்.

“வெட்டச் சொன்னது நான்தான் சார்.”

“சரி. கரையோரப் பராமரிப்புன்னு நெனச்சு, உள்ள கூடு இருக்குறது தெரியாம...” ஆணையர் அவருக்காகவே வாக்கியத்தைக் கட்டிக்கொடுத்தார். சந்திரலேகாவின் பேனா நகர்ந்தது. ஆன்லின் தலையாட்டினாள்.

அப்படியே விட்டிருக்கலாம். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், வேலை முடிந்தது.

“தெரியும் சார்” என்றார் சோமசேகரன்.

பேனா நின்றது.

“முந்தின நாளே யாகப்பன் வந்து சொன்னான். கூடு இருக்கு, முட்ட இருக்குன்னு. மேடம் கம்பு நட்டு வச்சிருக்காங்க, அந்தப் பக்கத்த விட்டுடலாமான்னு கேட்டான். நான்தான் கம்பையும் புடுங்கச் சொன்னேன். துணி தொங்குறது அசிங்கமா இருக்குன்னு சொன்னேன். அப்புறம் அங்க எல்லாருக்கும் முன்னாடி, அவனுக்கு வெளங்காதுன்னும் சொன்னேன்.”

தியாகராசன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே யாகப்பனின் தோள் மட்டும் தெரிந்தது.

சோமசேகரன் ஆன்லினைப் பார்க்கவேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார். பார்த்துவிட்டார். அவள் முகத்தில் கோபம் இல்லை. அவரை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்தி, மடியில் இருந்த புத்தகத்தின் மடிப்பை விரலால் நீவினாள்.

வாக்குமூலத்தைக் கையெழுத்துக்கு முன் உரக்கப் படித்துக் காட்டவேண்டும் என்பது விதி. சந்திரலேகா குடிநீர் இணைப்பு விண்ணப்பம் படிக்கிற அதே குரலில் படித்தார். “...முட்டைகள் இருப்பது முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டும், அதைப் பொருட்படுத்தாமல்...”

“யாகப்பன் தெரிவிச்சாருன்னு போடுங்கம்மா” என்றார் சோமசேகரன். “பேரு இருக்கணும்.”

பேர் எழுதி, அந்த வரியை முதலிலிருந்து மறுபடி படித்தார்கள். இரண்டாம் முறை கேட்கும்போது அவருக்குக் காது மடல் வரை கொதித்தது. கையெழுத்துப் போட்டார். மறுமதிப்பீட்டுக்கு ஒரு வருடம் அனுமதி என்று தியாகராசன் எழுதினார். குற்றச்சாட்டுக் குறிப்பாணை தனியாக வரும் என்று ஆணையர் சொன்னார். அவர் அதைச் சோமசேகரனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எல்லாரும் போகட்டும் என்று கொஞ்ச நேரம் கழித்தே சோமசேகரன் வெளியே வந்தார். மாடிப்படியின் திருப்பத்தில் ஆன்லினும் யாகப்பனும் நின்றிருந்தார்கள். குறுகலான படி. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் போக முடியாது.

“நாணல் வந்தப்புறம்தான் கோழி வருமா, அதுக்கு முன்னாடியே எட்டிப் பாக்குமா?” என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மொதல்ல சத்தம் வரும் டீச்சரம்மா. விடியக்காலம் வந்து நின்னா கேக்கலாம். சத்தம் கேட்டப்புறம் பதினஞ்சு நாளு அந்தப் பக்கமே போவக்கூடாது.”

“நீங்க வந்து காட்டுவீங்களா?”

“வராம?”

அவர் மேல்படியில் நின்றார். வழி விடுங்கள் என்று ஒரு சொல் சொன்னால் இருவரும் விலகியிருப்பார்கள். யாகப்பன் ‘வணக்கம் சார்’ என்றுகூடச் சொல்லியிருப்பான். அந்தச் சொல் அவருக்கு வரவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை நின்றார். அவர்கள் பேசுவதற்கு நிறைய இருந்தது.